இதய அழற்சியும் எதிர்ப்புரத மருந்துகளும்: ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கை வரை

இதயத்தில் அழற்சி இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்ட குடும்பங்களில், அடுத்த சில நாட்களுக்குள் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. எதிர்ப்புரத ஊசி ஒன்றினால் இதய அழற்சியைத் தணிக்க முடியும் என்று எங்கோ ஓர் ஆய்வாளர் கண்டறிந்திருப்பதாக, உறவினர் யாரேனும் செய்தித்தாளிலோ கைபேசியிலோ படித்திருப்பார். “அந்த ஊசியை எங்களவருக்கு ஏன் போடக்கூடாது? விலைதான் தடை என்றால் நிலத்தை விற்றாவது வாங்கித் தருகிறோம்” என்று எங்கள் இதயநோய்ப் பிரிவில் கேட்பவர்கள் உண்டு. புறநோயாளர் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதற்கு முழு விடை சொல்வது அரிது. நிலத்தை விற்பது பற்றி எண்ணுகிற ஒருவருக்கு அரைகுறை விடை போதாது. ஆகவே இம்மாத இதழில் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் அழற்சி. அது நோயன்று, நோயை எதிர்த்து உடல் நடத்தும் வேலை. காலில் முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. வெள்ளையணுக்கள் அவ்விடத்தில் திரண்டு கிருமியை அழிக்கின்றன; சிதைந்த திசுவை அகற்றுகின்றன; பழுது பார்க்கின்றன. காலில் நிகழ்ந்தால் நான்கு நாள் வலியோடு தீர்ந்துவிடும். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்க வேண்டிய இதயத்தில் நிகழ்ந்தால், பழுது பார்க்க வந்தவர்களாலேயே வீட்டுக்குச் சேதம் நேர்கிறது. இதயத்தின் தசையில் வருவது இதயத்தசை அழற்சி. சாதாரண வைரஸ் காய்ச்சல் ஒன்றுக்குப் பின், நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞரிடத்திலும் இது தோன்றலாம். இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய பையில் வருவது இதய உறை அழற்சி. படுத்தால் கூடுவதும் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் குறைவதுமான நெஞ்சுவலி இதன் அடையாளம். நம் நாட்டில் இதற்குக் காசநோயும் முக்கியக் காரணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

இதயத்தசை அழற்சி கண்ட பலர் முழுமையாகக் குணமடைகின்றனர். சிலருக்கு மட்டும், அழற்சி தணிந்த பிறகும் தசையில் வடு படர்ந்து, இதயம் விரிந்து, இரத்தத்தை வெளியே தள்ளும் வலுவை மெல்ல இழக்கிறது. எவர் தேறுவார், எவர் இவ்வழியே செல்வார் என்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இவ்விரண்டாவது வழியை அடைப்பதற்காகவே பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் எதிர்ப்புரதங்களோடு பாடுபட்டுக்கொண்டிருக்கின்றனர்.

மருத்துவர்கள் ஆன்டிபாடி என்று குறிப்பிடும் எதிர்ப்புரதத்தை நம் உடலே நாள்தோறும் செய்கிறது. ஆங்கில எழுத்தான ஒய் வடிவில், இரு கைகளை விரித்தாற்போல் அமைந்த புரதம் அது. ஒவ்வொரு எதிர்ப்புரதமும் ஏதோ ஒரு பொருளின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அடையாளம் கண்டு பற்றும், மற்றவற்றைத் தொடாது. ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியின் வழிகள் பலவற்றையும் ஒருசேர அடக்குவது. எதிர்ப்புரதம், ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவி.

எதிர்ப்புரதத்தை மருந்தாகக் கொடுப்பது புதுமையன்று. 1890இல் பெர்லினில் எமில் வான் பெரிங், கிடசாட்டோ ஷிபாசாபுரோ ஆகிய இருவரும், நச்சுக்கு எதிரான ஆற்றலைப் பெற்ற விலங்கின் இரத்தநீர் இன்னொரு விலங்கைக் காக்கும் என்று காட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததே தொண்டை அடைப்பானுக்கான நச்சுமுறி. தொண்டை அடைப்பான் தொண்டையை மட்டும் தாக்குவதன்று. அதன் நச்சு இதயத்தசையில் அழற்சியை உண்டாக்கும். குழந்தையின் தொண்டை தேறிவருகிறது என்று பெற்றோர் மூச்சு விடுகிற இரண்டாம் வாரத்தில் இதயம் தளரத் தொடங்குவது உண்டு. ஆக, வரலாற்றின் முதல் எதிர்ப்புரத மருந்தே இதய அழற்சியைத் தடுக்கும் மருந்தாகவும் இருந்தது. அந்த நச்சுமுறி, இரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே கட்டும். உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட நச்சை அதனால் எட்ட இயலாது. எனவே தாமதமின்றிப் போட வேண்டும். எதிர்ப்புரத மருந்துகளின் பலனில் கொடுக்கும் காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அந்நாளைய நச்சுமுறி குதிரையின் இரத்தநீரிலிருந்து எடுக்கப்பட்ட கலவை. ஒரே வகை எதிர்ப்புரதத்தை மட்டும் வேண்டிய அளவு செய்யும் வழி 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. சீசர் மில்ஸ்டைனும், முனைவர் பட்டம் பெற்றுச் சிறிது காலமே ஆகியிருந்த கியார்கஸ் கோலரும் அதைச் செய்தனர். எதிர்ப்புரதம் செய்யும் எலியின் உயிரணுவை, ஓயாது பெருகும் புற்றுநோய் உயிரணு ஒன்றோடு இணைத்தார்கள். இணைந்த உயிரணு பெருகிக்கொண்டே ஒரே எதிர்ப்புரதத்தைச் செய்துகொண்டிருந்தது. இம்முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை என்பது இன்று வியப்பளிக்கும் செய்தி. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மருந்துச் சீட்டில் இன்ஃப்ளிக்சிமாப், டோசிலிசுமாப் என்று ‘மாப்’ என முடியும் பெயர் இருந்தால் அது இக்குடும்பத்தைச் சேர்ந்தது. இவை புரதங்களாதலால் வயிற்றுக்குள் சென்றால் உணவைப்போல் செரித்துவிடும். அதனால்தான் மாத்திரையாக வருவதில்லை. ஊசியாகவே போட வேண்டும், போடும் வரையில் குளிர்பதனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம். இதய அழற்சியை ஆராயும் முனைவர் பட்ட மாணவரின் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி எலிகளோடு கழிகிறது. மனித இதயத்தின் தசைத் துண்டை வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க இயலாது. எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் மிகச் சிறிய உறுப்பு என்றாலும், அதில் அழற்சி தோன்றும் விதம் நம்முடையதைப் பல வகையில் ஒத்திருக்கிறது. இதயத்தசையில் உள்ள மயோசின் என்னும் புரதத்தின் சிறு துணுக்கை, நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருளோடு கலந்து, குறிப்பிட்ட இன எலிகளுக்கு ஊசியாகப் போடுவார்கள். எலியின் வெள்ளையணுக்கள் தன் இதயத்தையே அயலாகக் கருதித் தாக்கத் தொடங்கும். ஏறத்தாழ 21ஆம் நாளில் அழற்சி உச்சம் அடையும். பிறகு அது தணியும். ஆனால் சில எலிகளின் இதயத்தில் வடு படர்ந்து, அடுத்த சில வாரங்களில் இதயம் விரியும். மனிதரிடம் பல மாதங்களில் நிகழ்வது அங்கே இரண்டு மாதங்களுக்குள் நடந்து முடிகிறது.

மாணவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளையணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இன்டர்லியூக்கின் முதலான செய்திப் புரதங்கள் வழியாக. ஒன்று ‘திரண்டு வாருங்கள்’ என்கிறது. ஒன்று ‘வடுவை இழையுங்கள்’ என்கிறது. வேறொன்று ‘போதும், கலையுங்கள்’ என்கிறது. இவற்றுள் ஒன்றைப் பற்றும் எதிர்ப்புரதத்தை ஒரு குழு எலிகளுக்கும், எதையும் பற்றாத வேறோர் எதிர்ப்புரதத்தை மற்றொரு குழுவுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். எக்கோ எடுக்க வேண்டும். இதயத்தை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வடுவின் பரப்பை அளக்க வேண்டும். எந்தச் சீவல் எந்தக் குழுவினுடையது என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி மறைத்து வைப்பார்கள். தெரிந்தால், தாம் விரும்பும் முடிவைக் கண்கள் தேடத் தொடங்கிவிடும். ஓர் எலியைப் பயன்படுத்துவதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மாதக்கணக்கில் செய்த சோதனையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்று தெரிவது இத்துறையில் வழக்கமான நிகழ்ச்சி.

வேறுபாடு தெரிந்த ஓர் ஆய்வைச் சொல்கிறோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது அது. இன்டர்லியூக்கின்-17ஏ என்னும் செய்திப் புரதத்தைச் செய்யவே இயலாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். இதய அழற்சி அவற்றுக்கும் மற்ற எலிகளைப் போலவே வந்தது. இதோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் ‘இப்புரதத்தால் பயனில்லை’ என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் நாள்கள் சென்றபோது, அந்த எலிகளின் இதயத்தில் வடு குறைவாக இருந்தது, இதயம் விரியவில்லை. அடுத்து, சாதாரண எலிகளுக்கு அழற்சி தொடங்கிய பிறகு, அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் இதயமும் காக்கப்பட்டது. அழற்சியைத் தொடங்கி வைக்கும் செய்தி ஒன்று, அதை வடுவாக மாற்றும் செய்தி வேறொன்று என்பது இதனால் விளங்கிற்று. நோயாளி எங்களிடம் வருவது அழற்சி தொடங்கிய பிறகுதான். ஆதலால் இரண்டாவது செய்தியை நிறுத்தும் மருந்தே அவருக்கு வேண்டியது. இதய அழற்சி பற்றிய எலி ஆய்வுகளில் எங்களுக்கு மிகுந்த நம்பிக்கையளிப்பது இதுவே.

அப்படியென்றால் அந்த ஊசியை நாளையே போடலாமே என்று தோன்றும். போடக்கூடாது என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

டி.என்.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொரு செய்திப் புரதம், இதயம் தளர்ந்த நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை 1990ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார்கள். எலியின் இதயத்தில் அதை மிகுதியாகச் சுரக்கச் செய்தபோது இதயம் விரிந்து தளர்ந்தது. எல்லாச் சான்றும் ஒரே திசையைக் காட்டின. அதைப் பற்றும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் எதிர்ப்புரதம், மூட்டழற்சி நோயாளிகளுக்கு ஏற்கெனவே பெரும் நன்மை செய்துகொண்டிருந்தது. ஆகவே இதயம் தளர்ந்த 150 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2003இல் வெளிவந்த முடிவு எவரும் எதிர்பாராதது. கூடுதல் அளவு மருந்து பெற்றவர்களுள் இறந்தவர்களும், இதயத் தளர்ச்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும், மருந்தில்லாத ஊசி பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தனர். அன்று முதல், இதயத் தளர்ச்சி மிகுந்தவர்களுக்கு இம்மருந்தைக் கொடுப்பதில் கடும் எச்சரிக்கை கடைப்பிடிக்கப்படுகிறது. எலியிடத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் பகையாகத் தெரிந்த செய்தி, துன்பப்படும் மனித இதயத்துக்குச் சிறு அளவில் துணையாகவும் இருந்திருக்கலாம்.

இதற்கு முன்பே, 1995இல், இதயத்தசை அழற்சி உள்ள 111 பேரிடம் நடத்திய ஆய்வொன்று, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைப் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியதைக் காட்டியிருந்தது. மாத்திரை உண்டவர் தேறியதை மட்டும் பார்த்திருந்தால் மருந்தின் பயன் என்றே அனைவரும் நம்பியிருப்போம். ஒப்பிடுவதற்கு ஒரு குழு ஏன் வேண்டும் என்று கேட்கும் உறவினர்களுக்கு நாங்கள் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

இனி, பயன் உறுதிப்பட்ட இடங்கள். இவற்றுள் குழந்தைகளுக்குரியதை முதலில் சொல்ல வேண்டும். டோக்கியோவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கவாசாகி டோமிசாகு, தாம் கண்ட 50 குழந்தைகளின் நோயை 1967இல் விவரித்தார். ஐந்து நாளுக்கு மேல் தணியாத காய்ச்சல், சீழில்லாத செங்கண், வெடித்த உதடு, சிவந்த நாக்கு, உடலில் தடிப்பு, வீங்கிய கைகால்கள், கழுத்தில் நெறிகட்டு ஆகியன அதன் அடையாளங்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும். கவனிக்காமல் விட்டால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவர் அழற்சியால் பலூன்போல் புடைத்துவிடும். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புரதத் தொகுப்பை, காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஒரே தவணையாகச் செலுத்தினால், இத்தீங்கு நூற்றில் ஏறத்தாழ நான்கு குழந்தைகளுக்கே நேர்கிறது. ஜப்பானில் 1984இல் வெளியான ஆய்வும் அதைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வுகளும் இதை நிலைநாட்டின. இதற்கும் பணியாத குழந்தைகளுக்கு மருத்துவர்கள் கையாளும் மருந்துகளுள் ஒன்று, மேலே தீங்கு செய்ததாகச் சொன்ன அதே இன்ஃப்ளிக்சிமாப். மருந்து ஒன்றே, நோய் வேறு, காலம் வேறு.

பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் இதய உறை அழற்சி மற்றோர் இடம். 2021இல் வெளியான ஆய்வில், இன்டர்லியூக்கின்-1 என்னும் செய்தியைப் பிடித்து வைக்கும் ரிலோனசெப்ட் என்ற வார ஊசியைத் தொடர்ந்து பெற்ற 30 பேரில் இருவருக்கே நோய் திரும்பியது. மருந்தில்லாத ஊசிக்கு மாற்றப்பட்ட 31 பேரில் 23 பேருக்குத் திரும்பியது. இது முழு எதிர்ப்புரதமன்று, எதிர்ப்புரதத்தின் அடிப்பகுதியோடு வேறொரு பொறியை இணைத்துச் செய்தது. ஆயினும், கோல்சிசின் முதலிய விலை மலிந்த மாத்திரைகளே முதல் மருத்துவம்; அவற்றால் அடங்காதவர்களுக்குத்தான் இது.

மாரடைப்பு வந்தவர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 2017இல் முடிந்த பேராய்வில் 10,061 பேர் பங்கேற்றனர். கனாகினுமாப் என்னும் எதிர்ப்புரதத்தின் நடுத்தர அளவு, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன நேரும் வாய்ப்பை 15 விழுக்காடு குறைத்தது. அதே வேளையில், மருந்து பெற்ற ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் ஏறத்தாழ ஒருவர் கூடுதலாகக் கிருமித்தொற்றினால் இறந்தார். மொத்த இறப்பு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாரடைப்புக்கான மருந்தாக அதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை.

புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. நோயெதிர்ப்பின் தடையை நீக்கிப் புற்றைத் தாக்கச் செய்யும் நிவோலுமாப் போன்ற எதிர்ப்புரதங்கள், அரிதாக, அவர்களது இதயத்திலேயே கடும் அழற்சியை உண்டாக்குகின்றன. 2016இல் இது நோயாளிகளிடம் விரிவாகப் பதிவாயிற்று. ஆனால் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் 2001ஆம் ஆண்டிலேயே, அதே தடை இல்லாமல் பிறந்த எலிகளின் இதயம் விரிந்து தளர்வதைக் கண்டு எழுதியிருந்தார்கள். எலி ஆய்வு என்று எளிதாக ஒதுக்குபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். அம்மருந்து பெறும் காலத்தில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, படபடப்பு, கண் இமை சரிதல், இயல்புக்கு மீறிய தசைச் சோர்வு எது வந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்.

ஆகவே ‘இதயத்தசை அழற்சிக்கு எதிர்ப்புரத ஊசி உண்டா’ என்ற முதல் கேள்விக்கு எங்கள் விடை: ஆய்வுகள் நடக்கின்றன; வழக்கமான மருத்துவமாகக் கொடுக்கும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. நிலத்தை விற்க வேண்டாம். மருத்துவர் தரும் இதய மருந்துகளை விடாமல் உட்கொள்வதும், அவர் சொல்லும் மாதங்கள் வரையில் ஓட்டம், பளு தூக்குதல் போன்ற கடும் உழைப்பைத் தவிர்ப்பதும், எக்கோ பரிசோதனைக்குத் தவறாமல் வருவதும் இன்றைக்குப் பயன் தெரிந்த வழிகள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மகன் மைதானத்துக்குக் கிளம்பினால் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

எவருக்கேனும் எதிர்ப்புரத மருந்து பரிந்துரைக்கப்பட்டால், எந்தச் செய்தியை நிறுத்துவதற்காக, எத்தனை தவணை, பயன் இல்லையென்று எப்போது முடிவு செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டில் எவருக்காவது எப்போதாவது காசநோய் இருந்திருந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன் என்றாலும், கேட்காமலே சொல்லுங்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருக்கும் சுவரையே சில எதிர்ப்புரதங்கள் தளர்த்திவிடும். அதனால்தான் அத்தகைய மருந்துக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் செய்கிறோம். வீண் செலவு என்று எண்ணி அதைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து பெறும் காலத்தில் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

கவாசாகி நோய்க்கு எதிர்ப்புரதத் தொகுப்பு பெற்ற குழந்தையின் பெற்றோர், தடுப்பூசி அட்டையில் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறரிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்கள் பல மாதங்கள் உடலில் தங்குவதால், தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளை 11 மாதங்கள் தள்ளிப்போடுகிறோம். மற்றத் தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊசி போடுமுன் அந்த அட்டையைக் காட்டுங்கள்.